முதலில் சோபா, பிறகு டிவி

கேள்வி இது: சமையலறை, சாப்பாட்டு மேசை, உட்காரும் இடம் மூன்றும் குறுக்குச் சுவர் இல்லாமல் ஒரே கூடமாக இருக்கின்றன. நீளம் 27 அடி, அகலம் 14 அடி. ஒரு கோடியில் சமையல் மேடை, நடுவில் மேசை, மறு கோடியில் உட்காரும் இடம். நீளச் சுவர் ஒன்றில், உட்காரும் கோடியிலிருந்து 3 அடி தள்ளி, 10 அடி அகலத்துக்குப் பால்கனிக் கண்ணாடிக் கதவு. எதிர் நீளச் சுவரின் நடுவாக்கில் வாசல். 65 அங்குல டிவி வாங்கியாயிற்று. சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் சோபாவில் சாய்ந்திருக்கும்போதும் தெரிய வேண்டும். எங்கே மாட்டலாம்?

உட்காரும் இடத்தின் கோடிச் சுவரில் மாட்டுங்கள். சோபாவை அந்தச் சுவரைப் பார்த்தபடி, சாப்பாட்டு மேசைக்கு முதுகைக் காட்டிப் போடுங்கள். உட்காருபவரின் கண்ணுக்கும் திரைக்கும் 9 அடி இருக்கட்டும். மூன்று இடங்களிலிருந்தும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் இப்போதே கைவிட்டுவிடுங்கள். திறந்த கூடங்களில் டிவி தவறான இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு நிபந்தனைதான் காரணம். ஏன் என்று விளக்குகிறேன்.

வழக்கமாக எல்லோரும் காலியான சுவரைத் தேடி, அதில் டிவியை மாட்டிவிட்டு, அதற்கு எதிரே சோபாவைத் தள்ளுவார்கள். நான்கு சுவர் உள்ள தனி அறையில் இப்படிச் செய்தாலும் பெரிய நஷ்டமில்லை. சோபா போவதற்கு வேறு இடமே இருக்காது. திறந்த கூடத்தில் கதை வேறு. அங்கே உட்காரும் இடம் எங்கே முடிகிறது, சாப்பிடும் இடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லச் சுவர் கிடையாது. அந்த வேலையைச் சோபாவின் முதுகுதான் செய்ய வேண்டும். ஆகவே சோபா எங்கே, எதைப் பார்த்து, யார் எந்த வழியாக நடப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிந்தால் டிவிக்கு ஓர் இடம்தான் மிஞ்சும்.

நடக்கும் வழியிலிருந்து தொடங்குவோம். வாசலிலிருந்து பால்கனிக்கு ஒரு நாளில் எத்தனையோ முறை போய்வருவீர்கள். அந்த வழி சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே போனால், பார்த்துக்கொண்டிருப்பவர் தலையைச் சாய்த்துச் சாய்த்தே ஓய்ந்துபோவார். உங்கள் கூடத்தில் கண் 9 அடியில் இருந்தால் சோபாவின் முதுகு ஏறக்குறைய 10 அடியில் முடியும். கண்ணாடிக் கதவு 13 அடி வரை நீள்கிறது. அதாவது சோபாவுக்குப் பின்னால் 3 அடி அகலத்துக்குக் கதவு உங்களுக்குக் கிடைக்கிறது. ஓர் ஆள் துணிக்கூடையுடன் போக அது தாராளம். மேசைப் பக்கத்துக் கதவை வழக்கமாகத் திறப்பதாகவும், டிவிப் பக்கத்துக் கதவை மூடியே வைப்பதாகவும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவைத் திறக்கிறோம் என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். யார் எங்கே நடக்கிறார்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

தொலைவு ஏன் 9 அடி? திரைப்படம், தொடர், விளையாட்டு எல்லாம் கலந்து பார்க்கும் வீட்டுக்கு, திரையின் அகலம் கண்ணில் ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தை அடைத்தால் நன்றாக இருக்கும் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் கணக்கு. மூலைவிட்ட அளவை 1.6 ஆல் பெருக்கினால் அந்தத் தொலைவு கிடைக்கும். 65 அங்குலத்துக்கு அது 104 அங்குலம், அதாவது 9 அடிக்குச் சற்றுக் குறைவு. திரையரங்கு போலச் சூழ்ந்திருக்க வேண்டும் என்பவர்கள் 1.2 ஆல் பெருக்கி, ஆறரை அடியிலேயே உட்காருவார்கள். மிக நுண்ணிய புள்ளிகளால் ஆன 4கே படம் அவ்வளவு அருகிலும் புள்ளி புள்ளியாகத் தெரியாது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பெரியவர்களுக்கு அது பிடிப்பதில்லை. 11 அடி, 12 அடி என்று தள்ளிப் போட்டுவிட்டு ‘படம் சின்னதாக இருக்கிறது’ என்று அடுத்த வருடம் 75 அங்குலம் தேடுவதைவிட, சோபாவை இரண்டடி முன்னால் இழுப்பது மலிவு. கூடம் பெரியது என்பதற்காகச் சோபாவையும் பின்னால் தள்ள வேண்டியதில்லை.

இனி வெளிச்சம். இந்தக் கேள்வியில் கனமான பகுதி இதுதான்.

அணைத்து வைத்த டிவியும், இருண்ட காட்சி ஓடும் டிவியும் கறுப்புக் கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி என்றால் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். இந்த ஒரு விதியை வைத்தே மூன்று சுவர்களையும் எடைபோட்டுவிடலாம்.

பால்கனிக் கதவுக்கு நேர் எதிரே, வாசல் இருக்கும் நீளச் சுவரில் டிவியை மாட்டினால் என்ன ஆகும்? 9 அடியில் உட்காருபவருக்கு, எதிர்ச் சுவரில் ஏறக்குறைய 12 அடி அகலம் அந்தத் திரையில் பிரதிபலிக்கும். உங்கள் கண்ணாடிக் கதவின் அகலமே 10 அடிதான். பகல் முழுவதும் பால்கனி முழுசாகத் திரைக்குள் உட்கார்ந்திருக்கும். படத்தில் இரவுக் காட்சி வந்தால், கொடியில் காயும் துணியைத்தான் பார்ப்பீர்கள். பளபளப்பைக் குறைக்கும் பூச்சுள்ள திரைகள் இதைக் கொஞ்சம் தணிக்கும். 10 அடி வானத்தைத் தணிக்க முடியாது.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் டிவியை நிறுத்துவது இன்னொரு யோசனை. பிரதிபலிப்பு இராது, ஆனால் பின்னாலிருந்து வரும் பகல் வெளிச்சத்துக்குக் கண் பழகிக்கொள்வதால் படம் மங்கிப்போகும். டிவியின் முதுகில் வெயிலும் விழும். போதாக்குறைக்குக் கதவையே அடைத்துவிடுகிறீர்கள். சுவரே இல்லாத வீடுகளுக்கு வேறு வழியில்லாதபோது செய்வது இது. உங்களுக்கு அந்த நிலை இல்லை.

கோடிச் சுவரில் மாட்டினால் கண்ணாடிக் கதவு திரைக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் வந்துவிடுகிறது. சோபாவின் நடுவில் இருப்பவர் கணக்கில், திரையின் ஓரம்வரை பார்த்தாலும் பக்கச் சுவரில் ஏறக்குறைய 17 அடிக்கு அப்பால் இருப்பதுதான் அதில் தெரியும். உங்கள் கதவு 13 அடியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே நடு இருக்கைக்குப் பால்கனி தொந்தரவே கிடையாது. சோபாவின் ஓரத்தில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல், அதுவும் எதிர்பாராத பக்கத்தில். கண்ணாடிக்கு அருகே இருப்பவருக்குத் திரை சுத்தமாகத் தெரியும். கண்ணாடியிலிருந்து தள்ளி, வாசல் பக்கம் இருப்பவருக்குத் திரையின் ஓரத்தில் கதவின் பின்பாதி தெரியும். நடுவிலிருந்து 3 அடி தள்ளி உட்கார்ந்தால், 8 அடியிலிருந்து 13 அடி வரையிலான கண்ணாடிப் பகுதிதான் அந்தப் பிம்பம். எனவே பிரதிபலிப்புக்காக மூட வேண்டிய திரைச்சீலை டிவிக்குப் பக்கத்தில் இருப்பது அன்று, மேசைப் பக்கம் இருப்பது. டிவிப் பக்கத்துச் சீலை நேர் வெயில் திரைமேல் விழும் நேரத்துக்கு மட்டும். இரண்டையும் தனித்தனியாக இழுக்கும்படி தையுங்கள். ஒரே கயிற்றில் மொத்தமும் மூடுகிற மாதிரி வைத்தால் பட்டப்பகலில் இருட்டில் உட்கார வேண்டியிருக்கும்.

கிழக்கோ மேற்கோ பார்த்த கண்ணாடியானால் காலையோ மாலையோ சூரியன் தாழ்வாக வந்து கூடத்துக்குள் வெகுதூரம் நுழையும். அந்த ஒரு மணி நேரத்தை நேரில் பார்க்காமல் சுவரில் துளையிட வேண்டாம்.

இந்தக் கூடத்தில் கோடிச் சுவருக்கு உண்மையான எதிரி பால்கனி அன்று, சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு. யாரும் இதை முன்கூட்டி யோசிப்பதில்லை. அது டிவிக்கு நேர் எதிரே, உங்கள் தலைக்குப் பின்னால், தரையிலிருந்து 5 அடி உயரத்தில் எரிகிறது. திரையின் நடுவிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஓர் ஒளிப்பொட்டாக வந்து நிற்கும். படத்தில் யாராவது முகத்தைக் காட்டும் இடம் அது. சமையல் மேடைக்கு மேலே அலமாரிக்கு அடியில் விளக்குப் பட்டை இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மூன்று தீர்வுகள், மூன்றும் எளியவை. பக்கவாட்டில் ஒளி கசியாத, கீழே மட்டும் வெளிச்சம் விடும் மூடி உள்ள விளக்கைத் தேர்ந்தெடுக்கலாம்; கண்ணாடிக் குண்டு வகை விளக்குகள் இந்த இடத்துக்கு ஆகாது. மேசை விளக்குக்கும் மேடை விளக்குக்கும் தனித்தனி சுவிட்ச், முடிந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும் வகை வைக்கலாம். மூன்றாவது, சாய்க்கக்கூடிய பிராக்கெட். திரையை 1 டிகிரி சாய்த்தால் பிம்பம் 2 டிகிரி நகரும். 4 டிகிரி முன்னால் சாய்த்தால், அதாவது மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட இரண்டங்குலத்துக்குச் சற்று அதிகமாக முன்னே வந்தால், அந்த விளக்கின் பிம்பம் ஏறிப்போய்த் திரையின் மேல்விளிம்புக்கு வெளியே போய்விடும். இந்தச் சாய்வு பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. அசையாத தட்டை பிராக்கெட் விலை குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

விளக்கைப் பற்றி ஒரு துணுக்கு: இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்க்காமல், டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி மங்கலான வெள்ளை விளக்குப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். 6500 கெல்வின் நிறம், அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை, போதும். வண்ணம் மாறி மாறி மின்னும் வகை விழாக்களுக்கு உரியது.

இப்போது சமையலறைக்கு வருவோம். மேடை முன் நிற்பவர் திரையிலிருந்து 23 அடியில் இருக்கிறார். அங்கிருந்து 65 அங்குலத் திரை அடைக்கும் கோணம் 12 டிகிரிகூட இல்லை. சோபாவில் கிடைக்கும் அதே காட்சி அவருக்கும் கிடைக்க வேண்டுமானால் சுமார் 170 அங்குலத் திரை வேண்டும். அதே நேரத்தில், 10 அங்குல டேப்லெட் ஒன்றை மேடைமேல் இரண்டடித் தொலைவில் சாய்த்து வைத்தால் அது கண்ணுக்கு 20 டிகிரி கொடுக்கிறது. அந்த டிவியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், வசனமும் காதருகே கேட்கும். சமைப்பவர் உண்மையில் பார்க்க விரும்பினால் அதுதான் வழி. செய்தி ஓடுவதைக் கேட்டுக்கொண்டே அவ்வப்போது நிமிர்ந்து பார்ப்பதற்குக் கோடிச் சுவர் டிவியே போதும்.

சமையலறைக்காக டிவியை உயர்த்தி மாட்டுவதுதான் நான் மிகவும் எதிர்க்கும் காரியம். நின்று சமைப்பவரின் கண் 60 அங்குல உயரத்தில், திரையின் மையம் 41 அங்குலத்தில் என்றால், 23 அடித் தொலைவில் அந்த வித்தியாசம் 4 டிகிரி மட்டுமே. கழுத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நேர்கோட்டில் யாராவது சோபாவில் இருந்தால் அவர் தலை திரையின் கீழே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக மறைக்கும், உண்மைதான். அதைத் தவிர்க்க ஓர் அடி உயர்த்தினால், எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஒருவருக்காக, மணிக்கணக்கில் பார்க்கும் நான்கு பேரின் கழுத்து நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

சரியான உயரத்தை உங்கள் சோபாவே சொல்லும். அதில் வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்கார்ந்து, தரையிலிருந்து கண் வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 40 அங்குலத்தை ஒட்டி வரும். திரையின் மையம் அதே உயரத்தில், அல்லது இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்கலாம். 65 அங்குல டிவியின் உயரம் 32 அங்குலம். மையம் 41 என்றால் கீழ்விளிம்பு 25 அங்குலத்தில் நிற்கும். அதன் கீழே 18 முதல் 20 அங்குல உயர அலமாரி ஒன்றும், அதன் மேல் சவுண்ட்பாரும் (டிவிக்குக் கீழே வைக்கும் நீண்ட ஒலிபெருக்கி) பொருந்தும். சவுண்ட்பார் திரையின் அடிவிளிம்பை முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் கண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சவுண்ட்பார் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மெல்லிய டிவிகளின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலியை விடுகின்றன. சிறிய அறையில் சுவர்கள் அதைத் திருப்பி அனுப்பிச் சமாளிக்கும். 27 அடிக் கூடத்தில் அது கரைந்துபோகும். வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவீர்கள், சண்டைக் காட்சி வரும்போது வீடே அதிரும். தனி நடு ஒலிபெருக்கி உள்ள சவுண்ட்பார் வசனத்தைப் பிரித்துக் காட்டும். சோபாவுக்கும் டிவிக்கும் இடையே தடித்த விரிப்பு ஒன்று போட்டால் தரையில் பட்டுத் தெறிக்கும் ஒலி அடங்கும். மிக்ஸி ஓடும்போது எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதை ஓட்டி முடியும்வரை படத்தை நிறுத்தி வைப்பதே நல்லது.

கோடிச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. படுக்கையறை என்றால், கட்டிலின் தலைமாடு அதே சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். சவுண்ட்பாரைச் சுவரில் திருகாமல் அலமாரிமேல் ரப்பர் பாதங்களில் வையுங்கள். தாழ்ந்த சுருதி ஒலியை வெளியிடும் தனிப் பெட்டி இருந்தால் அதை அந்தச் சுவரை விட்டு விலக்குங்கள்.

பக்கவாட்டில் ஒற்றை நாற்காலி போடும் எண்ணம் இருந்தால், உங்கள் டிவியின் திரை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். விஏ வகைத் திரைகள் நேரே பார்க்க ஆழமான கறுப்பைக் காட்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்துப்போகும். ஐபிஎஸ் வகையும் ஓஎல்இடி வகையும் கோணத்தைப் பொறுத்துக்கொள்ளும். மேசையும் மேடையும் சோபாவுக்கு நேர் பின்னால்தான் இருக்கின்றன என்பதால் அவற்றுக்கு எந்த வகையானாலும் கவலையில்லை.

இதைப் படிக்கும் வேறு சிலருக்குக் கோடியில் சுவரே இல்லாமல் கண்ணாடியாக இருக்கலாம். அப்போது நீளச் சுவர்தான் டிவிக்கு. சோபா அதைப் பார்த்துக் கூடத்தின் நீளவாக்கில் நிற்கும். கோடிக் கண்ணாடி பக்கவாட்டில் வந்துவிடும். விதி அதேதான்: திரை பெரிய கண்ணாடியைப் பார்க்கவும் கூடாது, அதற்கு முதுகு காட்டவும் கூடாது. இழுத்துத் திருப்பும் கை உள்ள பிராக்கெட்டால் எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். கை முழுவதும் நீண்டிருக்கும்போது டிவியின் எடை சுவரிலுள்ள திருகுகளை நெம்பித் தள்ளும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவர் தாங்கும். ஜிப்சம் பலகைத் தடுப்பு, உள்ளே சட்டமோ கனமான ஒட்டுப்பலகையோ இல்லாமல் தாங்காது. தவிர, வாங்கிய முதல் மாதத்துக்குப் பிறகு அந்தக் கையைத் திருப்புபவர்கள் குறைவு.

துளையிடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 57 அங்குல அகலம், 32 அங்குல உயரத்துக்கு அட்டையை வெட்டிக் கோடிச் சுவரில், கீழ்விளிம்பு 25 அங்குலத்தில் நிற்கும்படி ஒட்டுங்கள். டிவி வந்த பெட்டியின் அட்டையே போதும். சோபாவை 9 அடிக்கு நகர்த்தி ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள். இடையில் ஒருவரை அந்த அட்டையின் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, சோபாவின் மூன்று இடங்களிலும் மாறி மாறி உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியை அட்டை முழுவதும் மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, எல்லா விளக்கும் எரியும் இரவில் ஒரு முறை. அதில் எது தெரிகிறதோ அதுதான் நாளைக்குத் திரையிலும் தெரியும்.

அதன் பிறகு மின்பணியாளரைக் கூப்பிடலாம். பிளக் பாயிண்ட்டுகள் டிவியின் மறைவுக்குள், ஆனால் பிராக்கெட் உட்காரும் நடுப்பகுதியை விட்டு ஓரமாக வர வேண்டும். சுவரோடு ஒட்டி நிற்கும் பிராக்கெட்டானால் அவை குழிக்குள் அமைய வேண்டும், இல்லாவிட்டால் பிளக்கே டிவியை முன்னால் தள்ளும். டிவிக்குப் பின்னாலிருந்து அலமாரிக்குள் இறங்க 2 அங்குலக் குழாய் ஒன்றைச் சுவருக்குள் பதிக்கச் சொல்லுங்கள். அதைவிடச் சிறியதில், டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கம்பியின் தலை வளைவுகளில் சிக்கிக்கொள்ளும். மின்கம்பிக்குத் தனிக் குழாய். இணையக் கம்பி ஒன்றையும் இழுத்து வைத்துவிடுங்கள். வைஃபை ரூட்டரை மட்டும் டிவியின் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம். டிவிக்குள் இருக்கும் உலோகத் தகடு சமையலறைவரை போக வேண்டிய அலையைப் பாதியிலேயே மறித்துவிடும்.